கோப்ரா படைக்கு ஒரு அலமாரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் என் வீட்டு ஜி.ஐ. ஜோ பொம்மைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1982ல் தொடங்கிய, மூன்றே முக்கால் அங்குல உயரமுள்ள பொம்மை வரிசை அது. அதில் ஜி.ஐ. ஜோ வீரர்களுக்கு எதிரியாக வரும் கோப்ரா படையை மட்டுமே நான் சேர்க்கிறேன் என்றும் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முடிந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எல்லோரும் ஹீரோவைத்தான் சேர்க்கிறார்கள். நீங்கள் ஏன் சார் வில்லன் கூட்டத்தை மட்டும் தேடித் தேடி வாங்குகிறீர்கள்? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

நான் ஐந்தாவது படிக்கும்போது, மதுரையில் எங்கள் தெருவில் நாலு பையன்களிடம் ஜி.ஐ. ஜோ பொம்மை இருந்தது. நாலு பேரிடமும் நல்லவர்கள்தான். திண்ணையில் வரிசையாக நிற்க வைத்துவிட்டு, யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த லீவில் மெட்ராஸிலிருந்து வந்த என் மாமா ஒரு பொம்மை வாங்கி வந்தார். ஒரு கண்ணில் கறுப்புப் பட்டை, மீசை, வலது கை முழுக்கக் கவசம். பெயர் மேஜர் ப்ளட். மாமாவுக்கு அவன் எந்தக் கட்சி என்றே தெரியாது. மறுநாள் காலையில் நாலு பேரும் என் வீட்டு வாசலில் நின்றார்கள். நான் வராவிட்டால் அன்றைக்கு விளையாட்டே கிடையாது.

இந்த வரிசை பிறந்தபோது அமெரிக்காவிலும் இதேதான் நடந்தது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஹாஸ்ப்ரோ முதலில் வீரர்களை மட்டும்தான் யோசித்து வைத்திருந்தது. கூடவே காமிக்ஸ் கொண்டுவர மார்வெலோடு பேசியபோது, எதிரி இல்லாமல் கதை எப்படி எழுதுவது என்ற கேள்வி வந்தது. ஆர்ச்சி குட்வின் என்ற எடிட்டர் சொன்ன யோசனைதான் கோப்ரா. எங்கள் திண்ணையில் இருந்த பிரச்சினை நியூயார்க்கிலும் இருந்திருக்கிறது என்று படித்த அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இன்னொரு காரணம், இந்தப் பொம்மைகளின் அட்டை. பின்பக்கத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு ஃபைல் கார்டு அச்சடித்திருக்கும். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவற்றை எழுதியவர் லாரி ஹாமா. மார்வெல் காமிக்ஸை எழுதியவரும் அவர்தான். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். மேஜர் ப்ளட் ஆஸ்திரேலியாக்காரன், கூலிப்படை ஆள், மோசமாகக் கவிதை எழுதுவான் என்று அவன் கார்டு சொல்கிறது. விரல் நீள பிளாஸ்டிக் பொம்மைக்கு ஒரு ஊர், ஒரு தொழில், ஒரு கெட்ட பழக்கம். அதைப் படித்த பிறகு அவனை வெறும் பொம்மையாகப் பார்க்க முடியவில்லை.

அப்புறம் 1985ல் வந்த கிரிம்ஸன் கார்டு (Crimson Guard), கோப்ராவின் காவல் பிரிவு. கருஞ்சிவப்புச் சீருடை, முகமூடி, கம்பீரமான ஆள். இந்தப் பிரிவில் சேர வேண்டுமென்றால் சட்டம் அல்லது கணக்கியலில் பட்டம் வேண்டும் என்று கார்டில் இருக்கிறது! காமிக்ஸில் இவர்கள் சாதாரணக் குடும்பஸ்தர்களாக ஊருக்குள் வாழ்வார்கள். படைத்தலைவன் கோப்ரா கமாண்டரே ஒரு காலத்தில் பழைய கார் விற்றவன்தான். ஆளுக்கு ஆள் சேர்த்துவிடும் பிரமிடு வியாபாரத்தில் கையில் காசில்லாதவர்களை மயக்கித்தான் படையை வளர்த்தான். என் அத்தை ஒருத்தி நகையை விற்றுச் சீட்டுக் கம்பெனியில் போட்டு மொத்தத்தையும் இழந்தவள். பணம் வாங்கிப்போன ஆள் இஸ்திரி போட்ட சட்டையோடு, ரசீதுப் புத்தகத்தோடு வந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் போனார். அதனால் கிரிம்ஸன் கார்டின் ஃபைல் கார்டைப் படித்தபோது, கெட்டவன் எப்படி இருப்பான் என்று தெரிந்த ஒருவர் எழுதியது இது என்று பட்டது. அன்றிலிருந்து கோப்ராவைத் தவிர வேறு எதையும் வாங்கவில்லை.

கேள்வி: புதிதாக ஆரம்பிக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்? கோப்ரா கமாண்டரை முதலில் வாங்கிவிடலாமா? (மென்பொருள் ஊழியர், கோவை)

கமாண்டரைக் கடைசியில் வையுங்கள். ஆரம்பத்தில் கண் பழகியிருக்காது, பணமும் பதற்றத்தில் போய்விடும்.

1982ல் கோப்ரா பக்கம் மொத்தமே மூன்று பேர்தான். நீலச் சீருடைச் சிப்பாய், அவனுக்கு மேலே ஆபீசர், அப்புறம் கமாண்டர். சிப்பாய் நெஞ்சில் நாகச் சின்னம் சிவப்பு, ஆபீசருக்கு வெள்ளி. கமாண்டரை அந்த வருஷம் கடையில் வாங்க முடியாது, தபாலில் எழுதிப் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும். அந்த முதல் கமாண்டர்களில் சிலவற்றின் நெஞ்சில் சின்னம் கொஞ்சம் வேறு மாதிரி, தடிப்பாக இருக்கும். பார்க்க மிக்கி மவுஸ் தலை போலவே தெரியும். சேகரிப்பாளர்கள் அவனை 'மிக்கி மவுஸ் கமாண்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். விலை எட்டாத உயரம். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது உங்களிடம் விற்க வந்தால், நெஞ்சைப் பெரிதாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வருஷம் கண்டுபிடிக்கக் கையையும் கழுத்தையும் பாருங்கள். 1982 பொம்மைக்கு முழங்கை மடங்கும், ஆனால் மேற்கை திரும்பாது. 1983லிருந்து தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் திரும்பும். முதல் வருஷ ஆட்களையும் இந்தப் புதுக் கையோடு மறுபடி விட்டார்கள். கழுத்து 1984 வரை இடம் வலமாக மட்டும் திரும்பும். 1985லிருந்து உருண்டை மூட்டு வந்ததால் தலை மேலே கீழேயும் ஆடும். இந்த மூன்றும் கைக்குப் பழகிவிட்டால் கலந்து கிடக்கும் பெட்டியிலிருந்து ஆளைப் பிரித்துவிடலாம்.

என் யோசனை, சாதாரணச் சிப்பாய்களில் தொடங்குங்கள். 1986ல் வந்த வைப்பர் நல்ல ஆள். முகமே தெரியாத ஹெல்மெட், அதனால் ஒரே பொம்மை ஆறு இருந்தாலும் ஆறு வேறு ஆட்கள் போல நிற்கும். தலைவர்களை விட இந்தப் பெயரில்லாதவர்கள் கூட்டமாக நிற்கும்போதுதான் அலமாரி கோப்ரா போல இருக்கும்.

கேள்வி: அண்ணா, எங்க வீட்டுக்காரர் சின்ன வயசில் விளையாடிய பொம்மைகள் மாமியார் வீட்டுப் பரணில் இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்ததும் இடுப்போடு இரண்டாகக் கழன்றுவிட்டது. உள்ளே கறுப்பாக ரப்பர் துணுக்கு. நான் உடைத்துவிட்டேனா? அவருக்கு இன்னும் சொல்லவில்லை. (வாசகி, சேலம்)

நீங்கள் உடைக்கவில்லை அம்மா, பயப்படாதீர்கள். போனது ஓ-ரிங். நீங்கள் தொடாமல் இருந்திருந்தாலும் அது அறுந்துதான் போயிருக்கும்.

இந்தப் பொம்மையின் மேலுடம்பையும் கால்களையும் சேர்த்துப் பிடிப்பது உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வளையம்தான். இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு உலோகக் கொக்கி. வளையம் அந்தக் கொக்கியில் மாட்டி, இடுப்புத் துண்டின் ஓட்டை வழியாக மேலே ஏறி, மார்புக்குள் இருக்கும் முளையில் போய் மாட்டும். அதனால்தான் பொம்மையால் உட்காரவும் இடுப்பைத் திருப்பவும் முடிகிறது. முப்பது நாற்பது வருஷத்தில், அதுவும் நம் ஊர்ப் பரண் வெயிலில், ரப்பர் காய்ந்து கருவாடாகிவிடும்.

சரிசெய்ய அரைமணி நேரம் போதும். முதலில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூ உருண்டு ஓடினால் கண்ணில் படும். பொம்மையின் முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ இருக்கும். சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், மிக்ஸிக்குப் பயன்படுத்துகிற பெரியது வேண்டாம், தலை வழுக்கிவிடும். கழற்றியதும் மார்பு முன் பாதி, பின் பாதி என்று பிரியும். தலையும் கைகளும் தானாக விழும். எது எந்தப் பக்கக் கை என்று முதலிலேயே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறுந்த ரப்பர் துணுக்குகளைத் தூக்கிப் போடாமல் ஒரு காகிதத்தில் மடித்து, பைப் சாமான் விற்கும் கடைக்கோ மோட்டார் ரிப்பேர் கடைக்கோ எடுத்துப் போங்கள். அதே தடிமனில் வளையம் கேளுங்கள். தடிமன்தான் முக்கியம். தடித்தது போட்டால் இடுப்பு இறுகி, கால்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உடைந்துவிடும். அது உடைந்தால் ஒட்டவே முடியாது. மெல்லியது போட்டால் பொம்மை தொங்கிப்போய் நிற்கும்.

கால், கொக்கி, வளையம், இடுப்பு, மார்பு முன்பாதி, பிறகு கை, தலை, கடைசியில் முதுகு. இந்த வரிசையில் பூட்டுங்கள். ஸ்க்ரூவைத் திருகும் முன் ஒரு விஷயம். அதை ஓட்டையில் வைத்து முதலில் எதிர்ப்பக்கமாக, கழற்றுகிற திசையில், மெதுவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் 'டிக்' என்று கீழே இறங்கும். பழைய மரை அதுதான். அங்கிருந்து முறுக்கினால் பிளாஸ்டிக் வெட்டுப்படாது. நேராக அழுத்தி முறுக்கினால் புது மரை வெட்டிக்கொண்டு போய், இரண்டு மூன்று தடவையில் ஓட்டை பெரிதாகிவிடும். எனக்கு இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் ஒரு நல்ல ஸ்னோ சர்ப்பென்டின் (கோப்ராவின் பனிப்பிரதேசச் சிப்பாய்) முதுகைக் கெடுத்தேன். உங்களுக்கு அது நேரக் கூடாது.

பூட்டி முடித்து, கால் அலமாரியில் ஊன்றி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் டெஸ்ட்ரோவின் வெள்ளித் தலை மூக்கிலும் நெற்றியிலும் கறுத்துவிட்டது. சில்வர் பெயின்ட் அடிக்கலாமா? (வேலூர்)

வேண்டாம். டெஸ்ட்ரோ, கோப்ராவுக்கு ஆயுதம் விற்கும் வெள்ளி முகமூடிக்காரன். 1983ல் வந்த அவன் தலைக்கு வெறும் பெயின்ட் அடிக்கவில்லை. கண்ணாடி போல மின்னும் குரோம் பூச்சு அது. கை பட்டுப் பட்டுத் தேயும். மூக்குதான் முதலில் போகும். மேலே சில்வர் பெயின்ட் அடித்தால் மீதியிருக்கும் பளபளப்பும் செத்துவிடும். இனிமேல் அவனை இடுப்பைப் பிடித்துத் தூக்குங்கள், தலையைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஸ்டார்ம் ஷேடோ மஞ்சளாகிவிட்டான். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்கிறார்களே? (புதுச்சேரி)

வெளுக்கும். 1984ன் வெள்ளை நிஞ்ஜா மஞ்சளாகாமல் கிடைப்பதே அபூர்வம் என்பதால் பலரும் இதைச் செய்கிறார்கள். ஆனால் பெயின்ட் போகலாம், பிளாஸ்டிக் நொறுங்குகிற பதத்துக்கு வரலாம், சில வருஷத்தில் மஞ்சள் திரும்பியும் வரலாம். என்னிடம் இருப்பவன் பழைய வேட்டி நிறத்தில் இருக்கிறான். அப்படியே விட்டுவிட்டேன். விற்பதற்காக வெளுத்தால் வாங்குபவரிடம் அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபன்ஸ்கூல் போட்ட இந்திய கோப்ராக்களை வாங்காதே, அது போலி என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா? (சென்னை)

உங்கள் நண்பர் சொல்வது தவறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஃபன்ஸ்கூல் 1987ல் நம் சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து தொடங்கியது. கோவாவில் தொழிற்சாலை. உரிமம் பெற்று, ஹாஸ்ப்ரோவின் அச்சுகளையே கொண்டுவந்து வார்த்த பொம்மைகள் இவை. அமெரிக்காவில் எப்போதோ நிறுத்திய அச்சுகள் இங்கே பல வருஷம் ஓடின. மேஜர் ப்ளட்டின் அச்சு 1983ல் வந்தது. அமெரிக்கப் பிள்ளைகள் அவனை மறந்த பிறகுதான் அவன் மதுரைக்கு வந்தான். அங்கே இந்த வரிசை 1994ல் நின்றுவிட்டது. இங்கே அதற்குப் பிறகும் கடைகளில் அட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. 2000க்குப் பிறகு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நம் ஊரிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்தார்கள். நாம் பொங்கல் சுத்தத்தில் எடைக்குப் போட்டதை அவர்கள் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. பெயின்ட் மெல்லிசு. புருவமும் பெல்ட்டும் சீக்கிரம் அழியும். நிறங்களும் மாறும். அமெரிக்கப் பதிப்பில் இல்லாத நிறச் சேர்க்கை திடீரென்று வரும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த நிறத்துக்காகவே தேடுபவர்கள் உண்டு. இந்திய கிரிம்ஸன் கார்டு இம்மார்ட்டலைப் பாருங்கள், என் அலமாரியில் கண்ணை முதலில் இழுப்பவன் அவன்தான். துடைக்கும்போது மட்டும் ஈரத் துணி போதும். சோப்பு, ஸ்பிரிட் எதுவும் கூடாது.

அட்டை பிரிக்காத இந்தியப் பொம்மை உங்கள் ஊர்ப் பழைய ஃபேன்சி ஸ்டோரிலோ ஸ்டேஷனரிக் கடையிலோ மேல்தட்டில் கிடக்க இன்னும் வாய்ப்பிருக்கிறது. கடைக்காரரிடம் ஏணி போட்டுப் பார்க்கச் சொல்ல வெட்கப்படாதீர்கள். விருதுநகர் பக்கம் ஒரு கடையில் பெரியவர் ஒருவர் எனக்காக ஏறிப் பார்த்து, தூசி தட்டி இரண்டு பொம்மை எடுத்துத் தந்தார். அட்டையில் அச்சடித்த பழைய விலைக்குத்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றார்.

கேள்வி: ஆன்லைனில் ஏமாந்துவிட்டேன். "முழு செட்" என்று போட்டிருந்தான், வந்த துப்பாக்கி வேறு ஆளுடையது. (ஈரோடு)

எனக்கும் நடந்திருக்கிறது. ஜார்டன் தெரியுமல்லவா, 1984ல் வந்த மாறுவேடக்காரன். வெயிலில் காட்டினால் அவன் தோல் நீலமாக மாறும். அந்த மாயத்துக்காகவே ஆசைப்பட்டு, ஒருவரிடம் இரண்டு மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கினேன். பார்சல் வந்ததும் மொட்டைமாடிக்கு ஓடினேன். நிறம் மாறியது, நெஞ்சு நிறைந்தது. கீழே கொண்டுவந்து உட்கார வைத்தேன், கால் மடங்கவில்லை. கழற்றிப் பார்த்தால் இடுப்புத் துண்டை ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருந்தது. விற்றவர் அதன்பின் போனை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து நாலு படம் கேட்காமல் நான் வாங்குவதில்லை. கட்டை விரல்கள் இரண்டும் தெரிய ஒன்று, உட்கார்ந்த நிலையில் ஒன்று, முதுகு ஸ்க்ரூ, கூட வரும் சாமான்கள் எல்லாம் பிரித்து வைத்து ஒன்று. உட்கார்ந்த படம் அனுப்பத் தயங்கினால் இடுப்பில் ஏதோ கோளாறு. சாமான்களை வாங்கும் முன்பே தெரிந்து வைத்திருங்கள். 1982 சிப்பாய்க்கு ஒரு துப்பாக்கி மட்டும்தான். டெஸ்ட்ரோவுக்குக் கைத்துப்பாக்கியும் முதுகுப் பையும். ஸ்டார்ம் ஷேடோவுக்கு இரண்டு வாள், வில், நுன்சாக்கு, அம்புக்கூடு. இதில் ஒன்று குறைந்தாலும் முழுசு இல்லை. புதிதாக வார்த்த நகல் துப்பாக்கிகளும் நிறைய வருகின்றன. பழைய துப்பாக்கியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நகலின் விளிம்பு மழுங்கி, மினுமினுப்பு வேறாகத் தெரியும். நகலை நகல் என்று சொல்லி விற்றால் அதில் தப்பில்லை, கையில் வெறுமையாக நிற்பதற்கு அது மேல்.

பொம்மையை வாங்கிவிட்டீர்கள் என்றால் துப்பாக்கியை உடனே கையில் திணிக்காதீர்கள். கட்டை விரல் உடைவது அப்போதுதான். கையை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிஷம் வைத்து, விரல் இளகியதும் பக்கவாட்டில் நுழையுங்கள்.

கேள்வி: என் எட்டு வயது மகன் என் கோப்ராக்களைக் கேட்டு அழுகிறான். கொடுக்க மனசு வரவில்லை. (தஞ்சாவூர்)

கொடுங்கள். ஆனால் ஜார்டனையும் 1982 ஆட்களையும் விட்டுவிட்டு, விரல் ஏற்கெனவே உடைந்த வைப்பர்கள் இரண்டு பேரைக் கொடுங்கள். கார்டையும் படித்துக் காட்டுங்கள். என் அக்கா மகளுக்கு அப்படித்தான் கொடுத்தேன். அவள் இப்போது டோமாக்ஸ், ஸாமாட் இரட்டையர்களில் யார் யார் என்று என்னைவிட வேகமாகச் சொல்கிறாள். ஒருவன் பெயரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து படித்தால் மற்றவன் பெயர் வரும். கன்னத்தில் தழும்பு இருப்பவன் ஸாமாட். அதைக் கண்டுபிடித்த அன்று அவள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

கேள்வி: இத்தனை வருஷத்தில் இன்னும் கிடைக்காதது எது? (மதுரை)

ஃபயர்ஃப்ளையின் வாக்கி-டாக்கி. 1984ல் வந்த நாசவேலைக்காரன் அவன். சாம்பல் நிற உடையில் திட்டுத் திட்டாகப் பச்சை. துப்பாக்கி இருக்கிறது, முதுகுப் பை இருக்கிறது. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய அந்த வாக்கி-டாக்கி மட்டும் இல்லை. விளையாடிய பிள்ளைகள் முதல் வாரத்திலேயே தொலைத்த சாமான் அதுதான் போல. இடது கையை மடக்கிக் காதுப் பக்கம் வைத்தே நிற்க வைத்திருக்கிறேன். பழைய பொம்மைப் பெட்டியின் அடியில் சின்னதாக ஏதாவது கிடந்தால், குப்பையில் போடும் முன் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். பத்திரிகை முகவரிக்கு எழுதினால் தஞ்சாவூரானாலும் கன்னியாகுமரியானாலும் நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.